காலில் வலி, மனத்தில் சோர்வு: சிறு காயங்களுக்கு நடுவே ஓட்டப் பயிற்சி எதனால் நிலைக்கிறது?

ஆர்வத்தோடு ஓடத் தொடங்கியவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்? சோம்பல், வேலைப் பளு, மழை, வெயில் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நெதர்லாந்தில் புதியவர்களுக்காக ‘ஸ்டார்ட் டு ரன்’ என்ற ஆறு வாரப் பயிற்சி நடக்கிறது. அதில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், அரையாண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் ஓட்டத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். அப்படி நிறுத்தியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் முதன்மைக் காரணமாகச் சொன்னது காயத்தை.

ஓட்டத்தில் வரும் காயங்களில் பெரும்பாலானவை விழுந்து அடிபட்டு வருபவை அல்ல. திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் மெல்ல மூள்பவை: முழங்கால் சில்லைச் சுற்றி வலி, குதிநாணில் விறைப்பு, கீழ்க்கால் முன்னெலும்பின் ஓரத்தில் எரிச்சல், காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால். இவை எவ்வளவு பேருக்கு வருகின்றன? 2007இல் வான் கெண்ட் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, கால் காயங்களின் விகிதம் 19.4 விழுக்காட்டிலிருந்து 79.3 விழுக்காடு வரை விரிந்து கிடந்தது. எதைக் காயம் என்று எண்ணுவது என்பதிலேயே உடன்பாடு இல்லாததுதான் இந்த அகலத்துக்குப் பெரிய காரணம். 2015இல் வந்த மற்றொரு தொகுப்பு, 1,000 மணி நேர ஓட்டத்துக்குப் புதியவர்களிடம் 17.8 காயங்களும், பொழுதுபோக்காக ஓடிப் பழகியவர்களிடம் 7.7 காயங்களும் நேர்வதாகக் கணக்கிட்டது. அடி தாங்கப் பழகாதவருக்குத்தான் அடி அதிகம் விழுகிறது.

ஆகவே தடங்கலை விபத்தாகக் கருதுவதைவிட, பயிற்சியோடு வரக்கூடிய ஒன்றாகக் கருதுவதே பொருந்தும். தடங்கல் வரும்போது ஊக்கத்தைக் காப்பது எப்படி என்ற கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் பல பதில்கள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் நம்பிக்கையைச் சுமந்து வந்தது. அவற்றின் வேர்களையும் வலுக்குறைவுகளையும் இக்கட்டுரை பார்க்கிறது. எலும்பு விரிசல், தசைக் கிழிசல் போன்ற பெரிய காயங்கள் இதன் எல்லைக்கு வெளியே.

பல்லைக் கடித்துக்கொள்ளும் மரபு

மிகப் பழைய பதில் மனவுறுதி. வலியைப் பொறுப்பவரே வெல்வார் என்ற எண்ணத்துக்கு ஒலிம்பிக் வரலாறு ஏராளமான கதைகளைத் தந்திருக்கிறது. செக் வீரர் எமில் சாட்டோபெக் குடலிறக்க அறுவை செய்துகொண்ட சில வாரங்களில் 1956 மெல்போர்ன் மராத்தானை ஓடி ஆறாம் இடம் பெற்றார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா குடல்வால் அறுவைக்குப் பின் ஐந்தாறு வாரங்களில் 1964 டோக்கியோ மராத்தானை வென்றார். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரல் 25 அன்று முழங்கால் அறுவை செய்துகொண்டார். மே 12இல் தேர்வுப் போட்டியை வென்றார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மராத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடிகளில் முடித்துத் தங்கம் பெற்றார்.

மேடைகளில் இக்கதைகள் மனவுறுதிக்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றன. பெனாய்ட்டின் கதையைக் கூர்ந்து பார்த்தால் அதில் பல்லைக் கடித்தலுக்கு இணையாக வேறொன்றும் இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காதபோது அவர் ஓட்டத்தை நிறுத்தினார், சிகிச்சை எடுத்தார், ஓட முடியாத நாட்களில் மிதிகட்டைகளைக் கைகளால் சுழற்றி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுத்தார். அவரிடம் உறுதி இருந்தது உண்மை. அந்த உறுதி காயத்தின் மேல் ஏறி ஓடுவதில் செலவாகவில்லை. அன்றன்றைக்குச் செய்யக்கூடிய வேறு வேலையைத் தேடுவதில் செலவாயிற்று.

இந்த மரபின் பெரிய குறை, அது வென்றவர்களை மட்டுமே நினைவில் வைத்திருப்பது. வலியோடு ஓடி நிரந்தரமாக முடங்கியவர்களுக்குச் சிலை இல்லை. சமநிலைக்குப் பிரிட்டன் மராத்தான் வீராங்கனை பாலா ராட்கிளிஃபை நினைத்துக்கொள்ளலாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் அவருக்குக் காலில் காயம். அதற்காக எடுத்த வீக்க எதிர்ப்பு மருந்து அவருடைய வயிற்றைக் கெடுத்தது. 36 கிலோமீட்டர் அருகே சாலையோரம் அமர்ந்து அழுதார். அவரிடம் மனவுறுதி குறைந்திருந்தது என்று யாரும் சொல்ல முடியாது: அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மராத்தானை வென்றார். உறுதியால் ஆகாதது ஒன்று உண்டு என்பதைத்தான் ஏதென்ஸ் காட்டியது. அதோடு, உலகத் தரத்து வீரருக்கு மருத்துவரும் பயிற்சியாளரும் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அலுவலகம் போகுமுன் விடியலில் ஓடும் ஒருவருக்கு அவர்கள் இல்லை. மனவுறுதிக் கதைகளை அவருக்கு அறிவுரையாகக் கொடுப்பது ஆபத்தாகவே முடியக்கூடும்.

ஓய்வே மருந்து என்ற காலம்

1970களில் அமெரிக்காவில் ஓட்டம் பெருந்திரளின் பழக்கமாயிற்று. 1972 மியூனிக் மராத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் வென்றதும், 1977இல் ஜிம் ஃபிக்ஸின் ஓட்ட நூல் லட்சக்கணக்கில் விற்றதும் அந்த அலையின் அடையாளங்கள். ஓடுபவர்கள் பெருகியபோது மருத்துவர் அறைகளில் முழங்கால்களும் பெருகின. அந்தச் சூழலில் 1978இல் மருத்துவர் கேப் மிர்கின் ‘ரைஸ்’ என்ற சூத்திரத்தைத் தந்தார்: ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நான்கெழுத்து என்பதால் எளிதாகப் பரவியது. விளையாட்டு மைதானங்களில் இன்றும் இதுதான் முதல் சொல்.

அதே மிர்கின் 2014இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று வெளிப்படையாக எழுதினார். கனடாவின் பிளேஸ் டுபுவாவும் ஜான்-ஃபிரான்சுவா எஸ்குலியேவும் 2019இல் ‘பீஸ் அண்ட் லவ்’ என்ற புதிய சூத்திரத்தை முன்வைத்தார்கள். முதல் சில நாட்களுக்குப் பாதுகாப்பு, பிறகு படிப்படியாகச் சுமை, இரத்த ஓட்டம், உடற்பயிற்சி என்று அது போகிறது. இப்பட்டியலில் நன்னம்பிக்கையும் ஓர் உறுப்பு: குணமாவோம் என்ற எதிர்பார்ப்பு குணமாவதோடு தொடர்புடையது என்பதால் அதை மருந்துச் சீட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். உடல் மருத்துவத்தின் சூத்திரம் ஒன்றில் மனத்துக்கு இப்படி வெளிப்படையாக இடம் கிடைத்தது கவனிக்கத்தக்கது. ஆனால் சூத்திரத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் சமமான சான்று இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நம் ஊர்களில் ஓய்வு மரபோடு இன்னொன்றும் சேர்ந்தே நடக்கிறது: சுளுக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு நீவுவது, கட்டுப் போடுவது. தசைப் பிடிப்புக்கு நீவல் இதமாக இருக்கலாம். விரிசல் விட்ட எலும்பை அழுத்தி நீவுவது கேடு செய்யும். நீவுபவரும் நீவப்படுபவரும் இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊக்கத்தின் கோணத்தில் பார்த்தால் முழு ஓய்வுக்கு இரண்டு விலை உண்டு. முதலாவது உடல் சார்ந்தது. 1984இல் எட்வர்ட் காயிலும் குழுவினரும் நன்கு பயின்ற ஏழு பேரின் பயிற்சியை நிறுத்திவைத்து அளந்தார்கள். உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு குறைந்தது. 84 நாட்களில் 16 விழுக்காடு வரை இறங்கி நின்றது. இதை இழப்பாகவும் படிக்கலாம், ஆறுதலாகவும் படிக்கலாம். மூன்று வாரம் முழுதாக நின்றாலும் போவது 7 விழுக்காடுதான் என்றால், ஒரு வாரம் விட்டதற்கே ‘எல்லாம் போயிற்று’ என்று மனம் உடைவதற்குக் காரணம் இல்லை. தயங்காமல் சொல்லலாம்: காயப்பட்டவருக்கு முதலில் சொல்லப்பட வேண்டிய எண் இது. ஆய்வில் இருந்தவர்கள் ஏழே பேர், அதுவும் பல்லாண்டு பயின்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது விலை மனம் சார்ந்தது. 1970இல் ஃபிரடெரிக் பேக்லாண்ட் உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்னாகும் என்று அறிய முயன்றார். நாள்தோறும் பயிற்சி செய்பவர்கள் பணம் தருவதாகச் சொல்லியும் நிறுத்த மறுத்தார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் செய்பவர்களைக் கொண்டே அவர் ஆய்வை நடத்த வேண்டியிருந்தது. அவர்களுக்கும் ஒரு மாதத்தில் தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. ‘இரண்டு வாரம் ஓடாதீர்கள்’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுப்பவர், அந்த இரண்டு வாரத்தில் நோயாளி என்ன செய்வார் என்பதையும் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும்.

வலியை அளந்து ஓடுவது

மனவுறுதிக்கும் முழு ஓய்வுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று சுவீடனில் உருவானது. உமேயோ நகரத்து அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனுக்கே நாட்பட்ட குதிநாண் வலி இருந்தது. அறுவைக்கு இணக்கம் கிடைக்கவில்லை. நாண் அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று எண்ணி, வலிக்க வலிக்கக் குதிகாலைத் தாழ்த்தும் பயிற்சியைச் செய்ததாகவும், நாண் அறுவதற்குப் பதிலாக வலி தீர்ந்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1998இல் 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் அதை 12 வாரம், நாளொன்றுக்கு 180 முறை என்று சோதித்தார். அனைவரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். வலியைக் கண்டதும் நின்றுவிட வேண்டியதில்லை என்ற எண்ணத்துக்கு இது வாசல் திறந்தது.

அதே நாட்டின் காரின் சில்பர்நாகல் குழுவினர் 2007இல் இன்னும் நுட்பமான கேள்வியைக் கேட்டார்கள். குதிநாண் வலியுள்ள 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே சீரமைப்புப் பயிற்சி. ஒரு பிரிவு முதல் ஆறு வாரம் ஓடக்கூடாது, தாண்டக்கூடாது. மற்றதற்கு ஓட அனுமதி உண்டு, மூன்று நிபந்தனைகளோடு: பத்துக்கு 5க்கு மேல் வலி போகக்கூடாது; மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும்; வாரத்துக்கு வாரம் கூடக்கூடாது. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரும் நன்கு தேறியிருந்தார்கள். ஓடியதால் கேடு எதுவும் தென்படவில்லை.

முழங்கால் வலிக்கு எஸ்குலியே குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனை இதைவிடவும் வியப்பானது. 69 ஓட்டக்காரர்கள், மூன்று பிரிவுகள். ஒரு பிரிவுக்குச் சுமையை எப்படிச் சரிக்கட்டுவது என்ற அறிவுரை மட்டும்: தூரத்தையும் வேகத்தையும் குறை, அடிக்கடி ஓடு, இறக்கத்தைத் தவிர், வலி 2ஐத் தாண்டவிடாதே. மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் அறிவுரையோடு வலுப் பயிற்சியோ ஓடும் முறையை மாற்றும் பயிற்சியோ கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. கூடுதல் சிகிச்சைகளைவிட, ‘இன்று எவ்வளவு’ என்று தானே கணக்கிடத் தெரிந்ததுதான் பெரும்பகுதி வேலையைச் செய்தது என்று இதைப் படிக்கலாம்.

ஊக்கம் பற்றிய கட்டுரையில் குதிநாணுக்கும் முழங்காலுக்கும் ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. காயப்பட்டவரைச் சோர்வில் தள்ளுவதில் வலியைப் போலவே நிச்சயமின்மைக்கும் பங்கு உண்டு. ஓடலாமா, கூடாதா, எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் நாள் கழிவது வலியைவிட மோசம். ஓர் அளவுகோல் கையில் வந்ததும் காத்திருத்தல் பயிற்சியாக மாறுகிறது. இன்று ஐந்து நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, நான்கு முறை; நாளைக் காலை முதல் அடியில் விறைப்பு எப்படி என்று பார்த்து மறுநாள் முடிவு. செய்து முடிக்க ஒரு வேலையும், முடித்தோம் என்ற நிறைவும் அதில் கிடைக்கின்றன.

இந்நிலைப்பாட்டிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஒரு சோதனையில் வலி 5 வரை போகலாம், இன்னொன்றில் 2தான். இரண்டும் நல்ல முடிவையே காட்டின. எது எல்லை என்பது இன்னும் கைவசப்படவில்லை. வலி எண்ணைச் சொல்பவர் ஓடத் துடிக்கும் அதே ஆள் என்பதால், 6ஐ 4 என்று சொல்ல அவருக்கு எல்லாத் தூண்டுதலும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது: நாணுக்கும் முழங்கால் சில்லுக்கும் பொருந்தும் விதி எலும்புக்குப் பொருந்தாது. விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி என்றால் அது எலும்பில் விரிசலின் அறிகுறியாக இருக்கலாம். தொடை எலும்பின் கழுத்திலோ பாத நடு எலும்பிலோ அது வந்தால், அளந்து ஓடுவதும் தவறு. மருத்துவரைப் பார்க்கும்வரை ஓடவே கூடாது. போதிய உணவில்லாமல் ஓடுவதால் எலும்பு மெலிவதும் மாதவிலக்கு நிற்பதும் உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் விரிவாக எச்சரித்தது. அத்தகைய காயத்துக்கு மருந்து ஊக்கத்தில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது.

மீண்டும் தூரத்தை ஏற்றுவது பற்றியும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே. நெதர்லாந்தில் 532 புதியவர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், இவ்விதியைத் தழுவி மெல்ல ஏற்றிய பிரிவில் 20.8 விழுக்காட்டினருக்கும், விரைவாக ஏற்றிய பிரிவில் 20.3 விழுக்காட்டினருக்கும் காயம். வேறுபாடு இல்லை. 2025இல் 5,000க்கு மேற்பட்டோரின் கைக்கடிகாரத் தரவை அலசிய ஆய்வு, வாரக் கூட்டலைவிட ஒரே ஓட்டத்தில் நேரும் தாவல் முக்கியம் என்றது. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டியவர்களிடம் காயம் கூடுதலாக இருந்தது. ‘இழந்ததை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பிடித்துவிடுவோம்’ என்ற எண்ணம்தான் ஆபத்தின் இடம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

துக்கத்தின் படிகளா, வேறு கணக்கா?

மனத்தின் பக்கமிருந்து வந்த முதல் விளக்கம் கடன் வாங்கியது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் இறக்கும் நிலையில் உள்ளவர்களைப் பற்றி எழுதிய நூலில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து படிகளைச் சொன்னார். 1980களில் விளையாட்டு உளவியலாளர்கள் இதைக் காயப்பட்ட வீரர்களுக்கும் பொருத்தினார்கள். கேட்கும்போது உண்மைபோலவே இருக்கிறது. குதிகால் வலியை முதலில் இல்லையென்று மறுக்காத ஓட்டக்காரர் குறைவு. ஆனால் 1994இல் பிரிட்டன் புரூவர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லாரும் ஒரே வரிசையில் படி ஏறுவதற்குச் சான்று கிடைக்கவில்லை. 1998இல் வீஸ்-பியோர்ன்ஸ்டாலும் உடனாய்வர்களும், காயத்தை ஒருவர் எப்படிப் பொருள் கொள்கிறார் என்பதே அவருடைய உணர்ச்சியையும் செயலையும் தீர்மானிக்கிறது என்ற ஒருங்கிணைந்த மாதிரியை முன்வைத்தார்கள். இன்று பெரும்பாலோர் இதையே பின்பற்றுகிறார்கள். எல்லாக் காரணிகளையும் ஒரே படத்தில் அடக்கிவிடுவது இதன் பலம். எதையும் பொய்யென்று காட்ட முடியாதபடி விரிந்துவிடுவது இதன் பலவீனம்.

புரூவரும் உடனாய்வர்களும் 1993இல் எழுப்பிய வேறொரு கருத்து கூர்மையானது. தன்னை ‘ஓட்டக்காரர்’ என்று எவ்வளவு ஆழமாக ஒருவர் கருதுகிறாரோ, அவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்வார். ஓட முடியாதபோது அவ்வளவு ஆழமாக உடைவார். ஊக்கம் தரும் அடையாளமே காயத்தின்போது பாரமாகிறது.

இதற்கு முன்னோடியாக ஒரு விவாதம் நடந்திருக்கிறது. 1976இல் வில்லியம் கிளாசர் ஓட்டத்தை நன்மை தரும் அடிமைத்தனம் என்று போற்றினார். மூன்று ஆண்டு கழித்து வில்லியம் மார்கன், காயத்தோடும் ஓடி, வேலையையும் குடும்பத்தையும் புறக்கணித்தவர்களைக் காட்டி, அதே பழக்கத்துக்குத் தீமையான முகமும் உண்டு என்று எழுதினார். இருவரும் பேசியது வேறு வேறு ஆட்களைப் பற்றி. அவர்களை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு ஒரு வழியை ராபர்ட் வலேராண்ட் 2003இல் தந்தார். பற்று இருவகை என்றார் அவர். ஒன்று இசைவான பற்று: ஓட்டம் வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு பொருந்தியிருக்கும், வேண்டியபோது நிறுத்த முடியும். மற்றது பீடிக்கும் பற்று: ஓடாவிட்டால் தன் மதிப்பே குறைந்ததாகத் தோன்றும், நிறுத்த முடியாது. 2006இல் நடன மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பீடிக்கும் பற்று மிகுந்தவர்களிடம் நாட்பட்ட காயத்தின் சுமை கூடுதலாக இருந்தது. 2020இல் 246 டச்சு ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வும் பீடிக்கும் பற்றைக் காயத்தோடு இணைத்தது.

இங்கேதான் நம் கேள்வியே கொஞ்சம் இடம் மாறுகிறது. ஊக்கத்தைக் ‘கூட்டுவது’ எப்படி என்று கேட்கும்போது, ஊக்கம் எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மேற்கண்ட ஆய்வுகள் சரியென்றால், ஒருவகை ஊக்கம் கூடக்கூடக் காயமும் கூடுகிறது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் 1985 முதல் வளர்த்த தன்னாளுமைக் கோட்பாடும் இதே திசையில் பேசுகிறது: தானே முடிவெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, மற்றவர்களோடு பிணைப்பு ஆகிய மூன்றும் கிடைக்கும்போது ஊக்கம் நிலைக்கிறது. காயம் இம்மூன்றையும் ஒரே நேரத்தில் பறிக்கிறது. எப்போது ஓடலாம் என்பதை வேறொருவர் சொல்கிறார், உடல் ஒத்துழைக்க மறுக்கிறது, விடியலில் கூடும் கூட்டம் நம்மை விட்டுவிட்டு ஓடுகிறது. காயத்துக்குப் பின் களத்துக்குத் திரும்பும் வீரர்களைப் பற்றி லெஸ்லி பாட்லாகும் ராபர்ட் எக்லண்டும் செய்த ஆய்வுகள் இம்மூன்றின் இழப்பையே மையமாகக் காண்கின்றன. குறை ஒன்றே: பெரும்பாலானவை போட்டி வீரர்களிடமும், ஒரே முறை கேட்ட வினாப்பட்டியல்களிலும் நின்றுவிடுகின்றன. பற்று காயத்தைத் தந்ததா, காயம் பற்றைப் பீடிப்பாக மாற்றியதா என்று அவற்றால் சொல்ல முடியாது.

தொடர்ச்சி அறுபடும்போது

இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாளும் விடாமல் ஓடினார். விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும், கால் அறுவைக்குப் பின்பும் விடவில்லை. கடைசியில் ஓடும்போது மார்பு வலித்ததால் நிறுத்தினார். இன்று கைப்பேசிச் செயலிகள் ‘தொடர் நாள்’ எண்ணிக்கையைக் காட்டி இதே ஆசையை எல்லாரிடமும் விதைக்கின்றன. தொடர்ச்சி நிச்சயமாக ஊக்கம் தருகிறது. அது அறுந்த மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. குடிப்பழக்கத்தை விட்டவர்களைப் பற்றி ஆலன் மார்லட் 1980களில் விளக்கியதை இங்கே பொருத்தலாம்: ஒரு முறை தவறியதை ‘நானே தோற்றவன்’ என்று பொருள் கொண்டால், தவறு சரிவாகிவிடும்.

இதற்கு மாற்றாக நிற்கும் சான்று லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்டது. ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்கு ஆன காலம் நடுவளவில் 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைக் கணிசமாகக் கெடுக்கவில்லை. மரிசா ஷரீஃபும் சூசன் ஷூவும் 2017இல், வாரம் ஏழு நாளும் இலக்கு வைத்து, அவசரத்துக்கு இரண்டு நாளை முன்கூட்டியே சேமிப்பாக ஒதுக்கியவர்கள் கூடுதல் விடாமுயற்சி காட்டியதாகக் கண்டார்கள். விடுப்பு முன்பே திட்டத்தில் இருந்தால் அதை எடுப்பது தோல்வியாகத் தோன்றுவதில்லை.

ஓட்டக்காரருக்கு இதை நேராகப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. லாலியின் ஆய்வு ஒரு நாள் இடைவெளியைப் பற்றியது. காயம் தருவதோ மூன்று வார இடைவெளி. இவ்வாய்வுகளில் கவனிக்கப்பட்ட நடைக் கணக்கும் தண்ணீர் குடிப்பதும் ஓட்டத்துக்கு ஈடாகா. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்குப் பிந்தைய நாட்கள் ஆகியவற்றில் மனிதர்கள் புது முயற்சிகளில் இறங்குவது கூடுகிறது என்று 2014இல் காட்டப்பட்ட ‘புதுத் தொடக்க’ விளைவு, நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு உதவலாம். அது எவ்வளவு நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி.

கூட்டத்தின் பங்கு

சினான் ஆரலும் கிறிஸ்டோஸ் நிக்கோலைடிஸும் 2017இல் 11 லட்சம் ஓட்டக்காரர்களின் பதிவுகளைக் கொண்டு, நண்பர் கூடுதலாக ஓடினால் நாமும் ஓடுகிறோம் என்று காட்டினார்கள். ஓட்டம் தொற்றுகிறது. காயப்பட்டவருக்கு இது இருபுறமும் கூரான கத்தி: கூட்டம் திரும்ப அழைத்துவருகிறது, சீக்கிரமாகவும் அழைத்துவந்துவிடுகிறது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வளர்ந்திருக்கும் ஓட்டக் குழுக்கள் இந்த இரண்டாவது ஆபத்தை நினைவில் கொள்வது நல்லது. காயப்பட்டவரைத் தண்ணீர் வழங்கவும், நேரம் குறிக்கவும், புதியவரோடு நடக்கவும் அழைத்தால் பிணைப்பு அறுவதில்லை, காலும் கெடுவதில்லை. இது ஆய்வில் நிறுவப்பட்ட முடிவல்ல. மேலே சொன்ன கோட்பாட்டிலிருந்து நியாயமாகப் பெறக்கூடிய ஊகம்.

திறந்து நிற்கும் கேள்விகள்

இந்த நிலைப்பாடுகளை எடைபோட்டால், மனவுறுதியைத் தனி மருந்தாகவும் முழு ஓய்வைத் தனி மருந்தாகவும் பரிந்துரைப்பதற்குச் சான்று மெலிந்தே இருக்கிறது. அளந்து சுமையேற்றும் வழிக்கு ஓரளவு நல்ல சோதனைகள் உண்டு, குறிப்பிட்ட காயங்களுக்கு மட்டும். அச்சோதனைகளில் பெரும்பாலானவை வலியையும் இயக்கத்தையும்தான் அளந்தன. அளந்து ஓடியவரின் ஊக்கம் ஓய்வெடுத்தவரின் ஊக்கத்தைவிட நிலைத்ததா என்பது நேரடியாகக் கேட்கப்படவேயில்லை எனலாம். உடலை ஆய்ந்தவர்கள் மனத்தைக் கேட்கவில்லை. மனத்தை ஆய்ந்தவர்கள் சுமையை அளக்கவில்லை. இரண்டும் ஒரே ஆய்வில் சேர்ந்தால் ஒழிய, ‘இன்று என்ன செய்வது என்று தெரிந்தவர் சோர்வதில்லை’ என்ற இக்கட்டுரையின் சாய்வு, சாய்வாகவே இருக்கும்.

இன்னொரு பெரிய இடைவெளி, விட்டுப் போனவர்கள். ஓட்டத்தை நிறுத்தியவர் ஆய்விலிருந்தும் நழுவிவிடுகிறார். நமக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் திரும்பி வந்தவர்களுடையவை. தரவுகளின் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. ஏப்ரல், மே மாதப் புழுக்கம், நடைபாதையில்லாத சாலை, தெருநாய், இருட்டில் தனியே ஓட முடியாத பெண்கள் ஆகிய தடங்கல்கள் அவற்றில் காணப்படுவதில்லை. காயத்தால் வரும் இடைவெளியோடு இவை சேரும்போது ஊக்கம் எப்படித் தேய்கிறது என்பதை நம் ஊரில்தான் கண்டறிய முடியும்.

அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பல ஓட்டக் குழுக்களிடம் வருகைப் பட்டியல் இருக்கிறது. மூன்று வாரம் வராதவரைக் கூப்பிட்டு, எங்கே வலி, எப்போதிலிருந்து, யாரிடம் காட்டினீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று நான்கு கேள்வி கேட்டுக் குறித்துவைத்தால் போதும். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிசியோதெரபி கல்லூரிகளும் இருக்கின்றன. அக்குறிப்புகளை அவர்களிடம் கொண்டுசேருங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி அட்டவணை எழுதுவோர், காயம் வந்தால் அன்று என்ன செய்வது என்ற பக்கத்தையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.